வாசலில் விழுந்த ஒயில் துளி



வட்டிலப்பம் செய்யும் முறையும் பிள்ளைகளின் வயிற்றோட்டத்திற்கு மருந்தும் வாசிக்கின்ற பக்கத்தில், ஒரு பழைய காரின் கியர் பொக்ஸைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்களில் எத்தனையோ பேருடைய வீட்டு வாசலிலும் இப்படி ஒரு வாகனம் நிற்கிறது. அது யாருடைய பங்கு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் சீலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீடு மருதானையில், பஞ்சிகாவத்தைப் பக்கமாகப் போகும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள். முன்னால் ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய முற்றம். அந்த இடத்தில் என் கணவருடைய மொரிஸ் மைனர் நின்றது. 1963ஆம் ஆண்டு வண்டி, ஸ்ரீ இலக்கத் தகடு. என் மாமனார் வாங்கி, தான் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதிக் கொடுத்தது. என்னை நிக்காஹ் முடித்துக் கூட்டி வந்ததும் அதில்தான். இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்ததும் அதில்தான். 2021ஆம் ஆண்டு அவர் மௌத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

நான் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருந்தேன். இத்தா முடிந்து வெளியே வந்தால் நாட்டில் பெற்றோல் இல்லை. 2022இல் நாம் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் இரவு படுத்தவர்களும், பிறகு கியூ.ஆர். அட்டைக்குக் காத்திருந்தவர்களும் நாமேதான். கார் ஒன்றரை வருடத்திற்கு மேல் அசையாமல் நின்றது. நின்றால் பழுதாகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிதான் கூடுதலாகக் கெடும் என்பது பிறகுதான் விளங்கியது.

2023இல் குடும்பம் கூடி, மர்ஹூமின் சொத்தைப் பங்கு வைக்க உட்கார்ந்தோம். ஜனாஸாச் செலவு, கடன் எல்லாம் முன்னமே தீர்த்தாயிற்று. வீடு மாமியுடைய பெயரில் இருப்பதால் அது கணக்கில் வராது. அவர் விட்டுப் போனதில் பெரியது அந்தக் கார்தான். வாரிசுகள் நான்கு பேர்: தாயார், மனைவியாகிய நான், ஒரு மகன், ஒரு மகள். சூரத்துன் நிஸாவின் 11ஆம், 12ஆம் வசனங்களின்படி பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று. மகன் என் தையல் வெட்டும் கடதாசியில் கோடு போட்டு 72 கட்டங்கள் கீறினான். எனக்கு 9, வாப்பும்மாவுக்கு 12, அவனுக்கு 34, தங்கச்சிக்கு 17. எண்ணிப் பார்த்தோம், ஒரு கட்டமும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கணவரின் மூத்த சகோதரரை நாங்கள் பெரிய நானா என்போம். மகன் இருப்பதால் அவருக்கு இதில் ஒரு சதமும் வராது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் எழுதப்போவதை வைத்து அவரைத் தப்பாக எண்ணிவிடக் கூடாது. எங்களுக்காக ஓடித் திரிந்து, தெஹிவளைப் பக்கத்திலிருந்து வாங்குபவர் ஒருவரைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியிருந்த காலம் அது. அந்த மனிதர் சொன்ன விலையைக் கேட்டு மாமி தஸ்பீஹை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

சீலையை எடுத்து, புது பற்றரி போட்டு, காரை ஸ்டார்ட் பண்ணி ஒழுங்கை முனை வரைக்கும் போய் வந்தோம். அடுத்த நாள் ஸுபஹுக்கு எழும்பி முற்றம் கூட்டப் போனால், காரின் நடு வயிற்றுக்குக் கீழே தேநீர்ப் பீரிசு அளவு கறுப்பு ஒயில். அவர் இருக்கும்போதும் அந்த இடத்தில் ஒரு துளி விழும், ஒரு காட்போட் மட்டையைப் போட்டு வைப்பார். இப்போது மட்டை நனைந்து சீமெந்தும் ஊறியிருந்தது.

பெரிய நானா சொன்னார்: “அந்த மனிசன் வாறது காலையில பத்து மணிக்கு. நாம ஒன்பது மணிக்கு அடிப்பக்கத்த மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சி, தரையையும் கழுவி வைப்போம். ஒரு மணித்தியாலத்துக்குள்ள துளி விழாது. பழைய கார்ல ஒயில் ஒழுகும் எண்டு அவருக்குத் தெரியாதா?”

சகோதரிகளே, இங்கேதான் என் மனம் தடுமாறியது. நான் பெரிய தக்வாதாரி என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. அந்த விலையில் 17 கட்டம் என் மகளுடையது. தகப்பனை இழந்த பிள்ளை. எத்தீமுடைய சொத்தைக் குறைத்தால் அதற்கும் நாளை பதில் சொல்ல வேண்டும். குறையைச் சொன்னால் விலை குறையும், அந்தக் குறைவு அவள் தலையில் விழும். சொல்லாமல் விட்டால் நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பி விற்றவனுடைய கதைதான். ரஸூல் (ஸல்) அவர்கள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை நாம் எல்லோரும் ஓதும் பள்ளியில் கேட்டிருக்கிறோம். அது ஏதோ அரபு நாட்டுச் சந்தையில் நடந்தது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். என் முற்றத்தில், என் மட்டையிலேயே அந்த ஈரம் இருந்தது.

அன்றிரவு நானாவுக்குச் சொன்னேன், “நானா, வாறவருக்குச் சொல்லிப் போடுவோம். இல்லாட்டிச் சரியாக்கிப் போட்டு விப்போம்.” அவர் கோபிக்கவில்லை. “செலவு யாருடைய பங்கிலிருந்து?” என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

ஒரு கராஜில் விசாரித்தோம். கியர் பொக்ஸையே கழற்றி இறக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன கூலி, நான் இரண்டு மாதம் இரவு பகலாக அபாயாவும் பள்ளிச் சீருடையும் தைத்தாலும் தேறாத தொகை. கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போதுதான் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் பாஸின் ஞாபகம் வந்தது. எழுபத்தைந்து வயது தாண்டிய சிங்கள மனிதர். கொழும்பில் மொரிஸ் மைனர்கள் டாக்ஸியாக ஓடிய காலத்தில் அவற்றுக்குக் கீழேயே வாழ்ந்தவர். இப்போது முழங்காலை மடக்க முடியாது. “நோனா, நான் கீழே போக மாட்டேன். கதிரையில் இருந்து சொல்லுறேன். மகன் செய்யட்டும்” என்றார்.

முதலில் அவர் செய்யச் சொன்னது ஒன்றும் கழற்றுகிற வேலை அல்ல. காருக்குக் கீழே நீளத்திற்கு வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார். என்னிடம் வெட்டுத் துணிக்கா பஞ்சம்? விரித்து, சில்லு நின்ற இடத்தையும் குறித்து, ஒரு இரவு விட்டோம். ஏனென்றால் இந்தக் காரில் ஒயில் விழக்கூடிய இடம் மூன்று. என்ஜினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு, அதில் ஒரு கம்பி ஊசி தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் விழுந்தால் பெரும்பாலும் என்ஜினின் பின்பக்க ஒயில். அங்கே இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பது போல இறப்பர் சீலே கிடையாது. தண்டில் திருகு போல வெட்டிய தவாளிப்புச் சுழன்று ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். கியர் பொக்ஸின் முன் மூடியிலும் அதே ஏற்பாடு. கொஞ்சம் கசிவது அந்தக் காரின் சுபாவம், அதற்கு மருந்து தேட வேண்டாம் என்றார் பாஸ். இரண்டாவது இடம் கியர் பொக்ஸின் வால்முனை. மூன்றாவது பின்னச்சில் டிபரன்ஷலின் மூக்கு. அந்த ஒயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு, மோந்தாலே தெரியும். முதல் இரண்டையும் மோந்து கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இந்தக் காரின் கியர் பொக்ஸுக்கும் என்ஜின் ஒயில்தான் ஊற்ற வேண்டும். ஆகவே மூக்கை நம்பாமல் இடத்தை நம்ப வேண்டும்.

காலையில் துணியைப் பார்த்தோம். முன்னால் ஒரு ரூபாய்க் குற்றியளவு. பின்னால் ஒன்றுமில்லை. நடுவில், கியர் பொக்ஸின் வால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, அந்தப் பீரிசு.

அங்கே இருப்பதுதான் ஒயில் சீல். அதை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள், ஆனால் அதன் உறவுக்காரியைத் தினமும் கையில் எடுக்கிறீர்கள். பிரஷர் குக்கர் மூடியின் இறப்பர் வளையம் பழசானால் விறைத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகாது. அப்போது விசில் வராது, ஓரத்தால் ஆவி போகும். ஒயில் சீலின் கதையும் அதுதான். வெளியே ஓர் உலோக வளையம். உள்ளே மெல்லிய இறப்பர் உதடு. அந்த உதட்டைச் சுற்றி முதுகுப் பக்கம் தலைமயிர் போல மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, பிள்ளைகளின் சட்டைக் கைக்குள் இலாஸ்டிக் கோர்ப்பது போல வட்டமாகக் கோர்த்திருக்கும். சுழலும் தண்டை அந்த உதடு எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். உதடு ஒயில் இருக்கும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒயில் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். வண்டி ஓடும்போது அந்த உதடு ஒயிலில் நனைந்து மிருதுவாக இருக்கும். ஒன்றரை வருடம் நின்றால் காய்ந்து, தண்டில் ஒட்டி, பிறகு ஓட்டும்போது கிழியும்.

இந்தச் சாமானின் பூர்வீகம் தோல் என்பது எனக்குப் பிறகு தெரிய வந்தது. ஜேர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849இல் தொடங்கிய பிராய்டன்பேர்க் என்ற தோல் பதனிடும் குடும்ப நிறுவனம், 1929இல் தோல் வியாபாரம் படுத்தபோது, கார்களுக்குத் தோலால் ஒயில் சீல் செய்ய ஆரம்பித்தது. 1930களில் தான் செயற்கை இறப்பருக்கு மாறினார்கள். நம் நாட்டு இறப்பர் ஏன் ஆகாது என்று மகன் கேட்டான். 1876இல் ஹெனரத்கொடவில் முதல் இறப்பர் கன்று நட்ட நாடு அல்லவா இது! ஆனால் இயற்கை இறப்பர் ஒயிலில் ஊறினால் வீங்கி, கொழகொழவென்று ஆகிவிடும். ஒயிலைத் தாங்குவது நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “ரயர் ரியூப்பை வட்டமாக வெட்டிப் போடுங்கள்” என்று இலவச ஆலோசனை தந்தார். அப்படிப் போட்டவர்கள் மறுமாதம் திரும்பவும் காருக்குக் கீழே படுத்திருப்பார்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் போக எனக்கு ஐந்து நிமிட நடை. இருபது வருடம் இங்கே வாழ்ந்தும் அந்தக் கடைகளுக்குள் நான் கால் வைத்ததில்லை. அவர் போவார், நான் வீட்டில் இருப்பேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாட்டிலிருந்து வாகனமும் உதிரிப்பாகமும் எளிதில் வராத காலத்தில் இருந்ததைப் பிரித்துக் கோர்த்து ஓட்டப் பழகிய நாடு இது. பஞ்சிகாவத்தையில் நின்று பார்த்தால் அது விளங்கும். கதவுகள் ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, என்ஜின்கள் மட்டும் குவிந்த ஒரு கடை. சீல் விற்கும் கடையில் அவற்றைக் கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள், வளையல் கடை போல. அபாயாவோடு ஒரு பெண் வந்து கியர் பொக்ஸ் சீல் கேட்டதும் கடைக்காரப் பையன் என் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தான். பாஸ் சொல்லிக் கொடுத்த வசனத்தைச் சொன்னேன்: “மூன்று அளவு இருக்கு தம்பி. உள்வட்டம், வெளிவட்டம், தடிப்பு. அங்குலக் கணக்கு. மில்லிமீற்றரில் கிட்டத்தட்ட இருக்கிறது வேண்டாம்.” அவன் உள்ளே போய் வாப்பாவைக் கூட்டி வந்தான். அந்தப் பெரியவர் ஒரு தகரப் பேணியைத் திறந்து, ஒயில் தாளில் சுற்றியதை எடுத்துத் தந்தார். விலை ஒரு கிலோ கோழி இறைச்சியின் விலைதான் வந்தது. செலவு யாருடைய பங்கிலிருந்து என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. தையல் காசில் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை விட்டுச் சனிக்கிழமை, ஸுபஹ் தொழுது முடிந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினோம். முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தோம். பின்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, பின்னச்சுக்குக் கீழே இரும்புத் தாங்கிகள் வைத்து, ஜக்கை இறக்கிய பிறகும் பாஸ் மகனைக் காரை உலுக்கிப் பார்க்கச் சொன்னார். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போனவர்களின் கதைகளை அவர் சொல்ல ஆரம்பித்தார், மாமி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உங்கள் வீட்டு ஆண் பிள்ளைகள் காருக்குக் கீழே போவதாக இருந்தால், நீங்களே குனிந்து தாங்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். பின்பக்கம் மட்டும் உயர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. கியர் பொக்ஸின் வால் மேலே போவதால் ஒயில் முன்னால் ஓடிவிடும், தண்டை இழுக்கும்போது முகத்தில் கொட்டாது. இருந்தாலும் நாங்கள் அடியில் இருக்கும் தக்கையைக் கழற்றி ஒயிலை வடித்தோம். பழைய சோற்றுச் சட்டியில் வடிந்ததை அளந்தால், இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் சீலோடு போகாமல் கியர் பொக்ஸே போயிருக்கும்.

கியர் பொக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்ற வேண்டும். பின்முனையில் நான்கு போல்ட். மறுபடி பூட்டும்போது அதே முகம் அதே முகத்தோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் கார் நடுங்கும். தையல் சோக்கால் அடையாளம் போட்டேன், ஒயிலில் பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு ஊசி முனையால் கீறினேன். மேலே இருக்கும் போல்ட் எட்டாது. சில்லைச் சுற்றினால் அது கீழே வரும், பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் தண்டு சுழலாமல் நிற்கும். கதவுக்கு வெளியே நின்று கையை உள்ளே விட்டு அதை இழுப்பதும் விடுவதும் மகளுடைய வேலை. “விடு”, “இழு” என்று பாஸ் சிங்களத்தில் சத்தம் போட, அவள் தமிழில் “சரி” என்பாள்.

மகனுடைய தோள் அகலம். ஒரு கை மட்டும் போகும் இடத்தில் அவனுக்கு முடியவில்லை. மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கி விரலைக் கிழித்துக்கொண்டான். நான் உள்ளே போய், என் கணவரின் பழைய காற்சட்டையையும் நீளச் சட்டையையும் போட்டு, தலைக்கு இறுக்கமாகச் சீலை கட்டிக்கொண்டு வந்து மட்டையில் படுத்தேன். மாமி வாசலில் நின்று, “என்ன புள்ள இது? ஆளுகள் பார்த்தா என்ன செல்லுவாங்க?” என்றார். பிறகு அவரே போய் ஒழுங்கைப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, கொங்கிறீற்றுப் படியில் உட்கார்ந்து காவல் இருந்தார்.

கீழே படுத்தால் அங்கே ஒரு தனி உலகம். தகரத்தில் காய்ந்த சேறு. எந்த மழையில் எந்தப் பயணத்தில் ஒட்டியதோ! தண்டைத் துணிப்பட்டியில் தொங்கவிட்டு, மெல்லப் பின்னால் இழுத்ததும் சீல் தெரிந்தது. அதன் விளிம்பு சுத்தியலால் அடித்து நசுங்கியிருந்தது, சுற்றிவர ஏதோ ஒட்டும் பசை அப்பியிருந்தது. யாரோ, எப்போதோ, ஒழுகலை மாற்றாமல் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். யார் என்று ஆராய நான் போகவில்லை. பாஸ் சொன்னபடி சீலின் உலோக முகத்தில் இரண்டு சிறு ஆணித் திருகுகளைத் திருப்புளியால் ஏற்றி, குறட்டால் மாறி மாறி இழுத்தேன். மூன்று தரம் வழுக்கியது. நான்காம் தரம் ‘டொக்’ என்று வந்து என் நெஞ்சில் விழுந்தது. கல் போல விறைத்திருந்தது.

புதியதை நேராகத் தட்டி ஏற்ற, அதன் வெளி வளையத்தில் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குழாய் வேண்டும். சாய்ந்து போனால் பாழ். வீட்டில் உள்ள பேணி, கொத்து, சுண்டு எல்லாம் வைத்துப் பார்த்தோம். கடைசியில் என் பித்தளை இடியப்ப உரலின் குழல் வாய் அளந்து செய்தது போலப் பொருந்தியது. அதன் மேல் பலகைத் துண்டை வைத்து மெல்ல மெல்லத் தட்டினோம். (புது இடியப்ப உரல் வாங்கும்வரை மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தனிக் கதை.) உதட்டில் ஒயில் பூசித் தண்டைக் கோர்த்து, கீறலுக்குக் கீறல் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கி வெளியே வந்தபோது லுஹருக்குப் பாங்கு சொன்னது. ஒயில் ஊற்றும் துவாரம் காருக்குள்ளே, கம்பளத்தைத் தூக்கினால் இறப்பர் மூடிக்குக் கீழே இருக்கிறது. இரண்டே கால் பைந்து, நமது கணக்கில் ஏறத்தாழ 1.3 லீற்றர். என் கையிலிருந்த ஒயிலைக் கழுவி எடுக்கவே அரை மணித்தியாலம் சென்றது. வுழூவின் தண்ணீர் தோலைத் தொட வேண்டுமே!

மூன்று நாள் துணி வெள்ளையாகவே இருந்தது. நான்காம் நாள் சுக்குராகத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், ஒரு கொத்தமல்லி அளவு துளி.

சகோதரிகளே, நான் அழுதேன். பாஸ் கதிரையில் இருந்து, “தண்டை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தீங்களா நோனா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. மகனின் விரல் இரத்தத்தைக் கண்ட அவசரத்தில் மறந்துவிட்டேன். திரும்பக் கழற்றினோம். இந்த முறை ஒரு மணித்தியாலத்தில் கழன்றது. நகத்தால் தடவினால், பழைய சீலின் உதடு வருடக்கணக்காக உரசிய இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம். மோதிரம் போட்ட விரலில் இருக்குமே, அப்படி ஒரு தடம். புது உதடும் சரியாக அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தோம், உள் புஷ் அதிகம் தேயவில்லை, அது பெரிய நிம்மதி. பஞ்சிகாவத்தைக்குப் போய் இன்னொரு சீல் வாங்கி வந்தேன். இந்த முறை அந்தப் பெரியவர் கேட்காமலே பேணியைத் திறந்தார். அதை முழுவதும் உள்ளே தட்டாமல், ஒரு தையல் ஓரம் அளவு, இரண்டு மில்லிமீற்றர், வெளியே நிறுத்தினோம். உதடு பள்ளத்தை விட்டு விலகிப் பளபளப்பான இடத்தில் பிடித்தது. ஒரு வாரம் துணி விரித்து வைத்தேன். நடுவில் ஒன்றுமில்லை. முன்னால் மட்டும் அந்த ரூபாய்க் குற்றி.

தெஹிவளைக்காரர் வந்தார். நானா பக்கத்தில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னேன்: பின் சீல் மாற்றியது, தண்டில் பள்ளம் இருப்பது, சீல் முழுதாக உள்ளே போகாமல் நிற்பதற்குக் காரணம், முன்னால் விழும் துளி. அவர் குனிந்து பார்த்தார். தன்னிடம் ஒரு பழைய ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதாகவும், அதன் என்ஜினும் கியர் பொக்ஸும் இந்த மைனருடைய குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றும், ஆனால் அதில் கியர் பொக்ஸை எடுக்க என்ஜினையும் சேர்த்தே தூக்க வேண்டும் என்றும் சொன்னார். “முன் துளியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அது இல்லாத கார்தான் சந்தேகம்” என்று சிரித்தார். தண்டின் பள்ளத்துக்காக ஒரு தொகையைக் குறைக்கச் சொன்னார். நானா என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். குறைத்தது பெரிதல்ல, ஆனால் குறைந்ததுதான். அதில் 72இல் 17 என் மகளுடையது என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய பங்கில் குறைந்ததை என்னுடைய ஒன்பது கட்டத்திலிருந்து எடுத்து அவளுடைய கணக்கில் சேர்த்தேன். அப்படிச் செய்ய வேண்டிய கடமை எனக்கு இல்லை என்று மௌலவி சொன்னார். இருக்கட்டும்.

கார் போன அன்று மாமி ஒழுங்கை முனை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த முற்றத்தில் இப்போது என் இரண்டாவது தையல் மெஷினை வைத்திருக்கிறேன். சீமெந்தில் ஊறிய கறை மட்டும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் டெலிபோன் எடுத்தார். எனக்கு நெஞ்சு பக்கென்றது. ஒழுகுகிறதா என்று நான் கேட்க முன்னே அவர், “இல்லை தங்கச்சி, சொட்டும் இல்லை. சேர்விஸுக்கு விட்டிருக்கிறேன், கியர் பொக்ஸுக்கு என்ன ஒயில் ஊற்றினீங்கள் என்று பையன் கேட்கிறான்” என்றார்.

“என்ஜின் ஒயில், இருபது ஐம்பது. டிபரன்ஷலுக்கு ஊற்றுகிற நாற்ற ஒயிலை ஊற்ற விட வேண்டாம், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது” என்றேன். “கம்பளத்தைத் தூக்கி ஊற்றச் சொல்லுங்கள். கார் மட்டமாக நிற்க வேண்டும். வழிந்து வரும்போது நிறுத்தி விடட்டும்.”